கடைசியில் வருகிறவள்

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது, அவ்வளவுதான். சைக்கிளில் போகும்போது தலையைத் திருப்பினால் தோள் திரும்புகிறது, தோளோடு கை, கையோடு ஹேண்டில்பார். எந்தப் பக்கம் பார்க்கிறேனோ அந்தப் பக்கமே போய்விடுகிறேன். மற்றவர்கள் எப்படியோ முகத்தை மட்டும் தனியாகத் திருப்பிக்கொள்கிறார்கள். லூர்தினா ஒரு கையை விட்டுவிட்டு, முழுசாகப் பின்னால் திரும்பி, சிரித்து ஏதோ சொல்லிவிட்டு முன்னால் பார்ப்பாள், சக்கரம் ஒரு நூல் விலகியிருக்காது. காலையில் திருச்செந்தூரில் டீக்கடை வாசலில் அவள் வரிசை பிரித்தபோதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். “நான் முதல்ல. எனக்குப் பின்னால ஆபேல். ஆபேலுக்குப் பின்னால செல்வி. வடிவு கடைசி.” கடைக்காரர் டம்ளர்களை வெந்நீரில் முக்கி எடுப்பதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் வரைக்கும் வந்த வாக்கியம் டீயோடு உள்ளே இறங்கிவிட்டது. கடைசியில் வருகிறவளுக்கு ஒரே ஒரு வேலை. பின்னால் லாரியோ பஸ்ஸோ வந்தால் ‘வண்டி’ என்று சொல்ல வேண்டும். அதைச் செல்வி வாங்கி ஆபேலுக்குச் சொல்வாள், ஆபேல் லூர்தினாவுக்கு. லூர்தினா ஓரம் ஒதுங்கி ‘சரி’ என்பாள். அந்தச் சரி அதே வழியாகத் திரும்பி வாய் மாறி வாய் மாறி என்னிடம் வந்து சேரும். தூத்துக்குடியில் அவள் சேர்ந்திருக்கிற சைக்கிள் குழுவில் இதுதான் பழக்கமாம். சரி வந்து சேராவிட்டால் மறுபடி சொல்ல வேண்டும், வந்து சேரும் வரை சொல்ல வேண்டும். உவரியில் அவளுடைய அத்தை மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வாங்கி வைத்துக் காத்திருக்கிறாள், ‘நாலு பேரும் முழுசா வந்து சேரணும், அதுதான் கணக்கு’ என்று லூர்தினா சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. செல்வி கியர் சைக்கிள் ஓட்டக் கற்று ஒரு வாரம்தான் ஆகிறது. களைத்தால் அவளுக்குத் தெரியாமலே நடுரோட்டுக்குப் போய்விடுகிறாள், காலையிலிருந்து பார்க்கிறேன். கடற்கரைச் சாலை குறுகல், மீன் லாரிகள் ஐஸ் கரைவதற்குள் போய்ச்சேர வேண்டிய அவசரத்தில் வருகின்றன. நான் சொல்லாமல் விட்டால் முதலில் அடிபடுவது எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிற செல்வியின் மஞ்சள் துப்பட்டாதான்.

கண் இல்லாவிட்டால் காது இருக்கிறதே என்று நினைத்திருந்தேன். குலசேகரன்பட்டினம் தாண்டும் வரை அது நடந்தது, லாரி வருவதற்கு முன்பே அதன் உறுமல் வந்துவிட்டது, நான் சொன்னேன், சரி வந்தது. மணப்பாடு தாண்டியதும் காற்று எழுந்தது. ஆடி மாத மேல்காற்று, நேராக முகத்தில். பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலைசாய்த்து நின்றன, தேரி மேட்டிலிருந்து சிவப்பு மணல் ரோட்டின் குறுக்கே மெல்லிய பாம்புகளாக ஓடியது, இடது பக்கம் இராவணன் மீசைப் புல் மணலில் வட்டம் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தது. எதிர்காற்றுக்கு ஒரு குணம் இருக்கிறது. முன்னால் இருப்பவர்களின் சத்தத்தை எல்லாம் என் காதில் கொண்டுவந்து கொட்டுகிறது. ஆபேல் மூக்கை உறிஞ்சுவது, செல்வியின் சங்கிலி உரசுவது, லூர்தினா தனக்குள் முணுமுணுக்கிற பாட்டு, எல்லாம் என் தோளில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்கிறது. ஆனால் பின்னால் இருக்கிற சத்தம் ஒன்றும் முன்னால் வராது. பின்னால் உலகம் இல்லை. ஒரு சுவர்கூட இல்லை, வெறுமனே இல்லை. அந்த இல்லாத இடத்திலிருந்து ஒரு லாரி எப்போது வேண்டுமானாலும் முளைக்கலாம் என்கிற நினைப்பு முதுகுத்தண்டில் ஈரத்துணி ஒட்டியதுபோல ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் டிக் டிக் டிக் என்று கேட்டது. மிதிப்பதை நிறுத்திச் சும்மா உருளும்போது பின்சக்கரம் போடுகிற சத்தம். என் சக்கரம்தான் என்று நினைத்தேன், ஆனால் நான் மிதித்துக்கொண்டிருந்தேன். செல்வியா என்றால் அவளும் மிதித்துக்கொண்டிருந்தாள், இரண்டு முழங்காலும் மாறி மாறி ஏறி இறங்குவது தெரிந்தது. ஆபேல், லூர்தினா, எல்லாரும் மிதித்துக்கொண்டிருந்தார்கள், இந்தக் காற்றில் மிதிக்காமல் ஒரு அடி நகர முடியாது. டிக் டிக் டிக். எனக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், யாரோ மிதிக்காமல் வந்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்து ஊர்க்காரர் யாராவதாக இருக்கும். காற்று முகத்தில் அடிக்காமல் இருக்க ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் ஒட்டிக்கொள்வது உண்டு, நானே செல்வியின் முதுகில்தானே ஒளிந்து வருகிறேன். வலை பழுது பார்க்கப் போகிற ஆள், அல்லது பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம். முந்திப் போகட்டும் என்று கொஞ்சம் மெதுவாக மிதித்தேன். அதுவும் மெதுவானது. வேகமாக மிதித்தேன். அதுவும். பேசிப் பார்க்கலாம், ‘முன்னால போங்க’ என்று சொன்னால் போதும், இரண்டு வார்த்தை. கல்லூரியில் மூன்று வருடம் வருகைப்பதிவில் ‘உள்ளேன்’ என்று சொல்ல வேண்டிய ஒரே வார்த்தையை என்னால் கேட்கும்படி சொல்ல முடிந்ததில்லை. பேராசிரியை இரண்டாம் தடவை பெயரைப் படித்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பேனாவை ஊன்றும்போது லூர்தினாதான் ‘இருக்கா மேடம்’ என்பாள். இருக்கா. நான் இருப்பதை எப்போதும் வேறு யாராவது சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் வரும்போது ‘இறங்கணும்’ என்று சொல்ல முடியாமல், அடுத்த நிறுத்தத்தில் யாரோ இறங்கும்போது கூடவே இறங்கி, வந்த வழியே நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன், வெயிலில், என் வீட்டையே கடந்து போய்விட்டுத் திரும்பி வருகிறவளாக. இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல், “வண்டி” என்றது.

என் குரல் இல்லை. என் குரலைவிடச் சின்னது. உலகத்தில் என்னுடையதைவிடச் சின்னக் குரல் ஒன்றை நான் அதற்குமுன் கேட்டதில்லை. ரொம்ப நேரம் தண்ணீர் குடிக்காதவள் சொன்னதுபோல் இருந்தது, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, முழுவதும் துணியாமல் சொன்னதுபோல். காற்றுக்கு எதிராக அது எப்படி வந்தது. நான் யோசிக்கவில்லை, வாங்கியதைக் கொடுக்கிறவள்போல “வண்டி” என்றேன். செல்வி “வண்டி” என்றாள், ஆபேல் “வண்டி” என்று கத்தினான், லூர்தினாவின் கை இடது பக்கம் அசைந்தது, “சரி,” “சரி,” “சரி” என்று அது காற்றில் மிதந்து என்னிடம் வந்து நின்றது. நாங்கள் ஓரமாக ஒதுங்கிச் சில மிதி மிதித்த பிறகு லாரி வந்தது. வந்தது என்பதுகூட இல்லை, திடீரென்று பக்கத்தில் இருந்தது, ஐஸ் தண்ணீர் சொட்டும் பின்கதவும் மீன் கவிச்சியும், கடந்து போய்விட்டது. பின்னால் டிக் டிக் டிக். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி “வண்டி.” கொடுத்தேன். பஸ் வந்தது. மறுபடி. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முதலில் பயமாக இருந்தது, பிறகு, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயத்துக்குக் கீழே ஒரு சின்ன ஆறுதல் விரிந்தது. நான் கடைசி இல்லை. எனக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்கிறாள். அவளால் திரும்பிப் பார்க்க முடிகிறது.

பெரியதாழைக்கு முன்னால் ஒரு பெட்டிக்கடையில் நின்று சர்பத் குடித்தோம். கடை ரோட்டைப் பார்த்து இருந்தது, நான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொங்குகிற பாக்கு பாக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் தரையில் இருக்கும்போது திரும்புவது கஷ்டமே இல்லை. கழுத்தைக் கொஞ்சம் அசைத்தால் போதும். வந்த வழி முழுவதும் தெரியும். அங்கே ஒரு சைக்கிள் நின்றுகொண்டிருந்தால் என்ன செய்வேன், நின்றுகொண்டிராவிட்டால் என்ன செய்வேன், எலுமிச்சை விதையை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தேன். ஆபேல் சொன்னான்: “வடிவுக்கு முதுகுல கண்ணு இருக்குட்டி. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல, இவ சொல்லி முடிச்சு ஆற அமர ஒதுங்கின பெறவுதான் லாரி வருது.” லூர்தினா என் முதுகில் தட்டினாள். “அவ பேசமாட்டால்லா, அதான் கேக்குற சக்தி எல்லாம் மிச்சமா கெடக்கு. ஏட்டி வடிவு, பேசாம எங்க குரூப்புல சேந்துருட்டி. ஒன்னைய மாதிரி கடைசி ஆளு யாருக்குமே கெடைக்கல.” என் முகம் சூடானது. ஒன்னைய மாதிரி. என்னைப்பற்றி யாரும் அப்படி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்ததில்லை. செல்வி மட்டும் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். “எனக்கு இவ சொல்லுதத கேட்டாத்தான் பயமா இருக்கு. லாரி வருதுன்னு யாராவது இவ்வளவு மெதுவா சொல்லுவாவளா? காதுக்குள்ள யாரோ ஊதுத மாதிரி இருக்கு.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏறி உட்கார்ந்து முதல் மிதி மிதிக்கும்வரை பின்னால் ஒன்றும் இல்லை. பிறகு டிக் டிக் டிக், காத்திருந்ததுபோல். சந்தோஷமாக இருந்ததா எனக்கு? ஆமாம், இருந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு வந்த “வண்டி”யைச் சத்தமாகவே கொடுத்தேன், என் வாழ்க்கையிலேயே இல்லாத சத்தமாக, பாராட்டு வாங்கின குரலில். வாய் மாறி வாய் மாறிப் போனது. சரி வந்தது. ஒதுங்கினோம். மணலில் சக்கரம் புதைய ஊர்ந்தோம். ஊர்ந்துகொண்டே இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

லூர்தினா நிறுத்திவிட்டாள், காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். ஆபேலும் பார்த்தான். “எங்கட்டி வண்டி? கண்ணுக்குத் தெரியாத சர்வீஸா? டிக்கெட்டு உண்டா?” “ஆபேலு, சும்மா இருல. வடிவு, பாத்துத்தானே சொன்ன?” “ஆமா” என்றேன். ஆமா. அவர்கள் இரண்டு பேரும் என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, யாரையும் பார்க்கிற முகமாக அது இல்லை. காலி ரோட்டைப் பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அங்கே யாரும் இல்லை. அல்லது உடைமரத்து நிழலில் ஒதுங்கி நிற்கிறாள், வண்டி என்று சொன்னவளும் ஒதுங்கித்தானே நிற்பாள். “காத்துல எதுவாவது கேட்டிருக்கும்,” லூர்தினா சொன்னாள், ஆனால் குரலில் எரிச்சல் இருந்தது, இந்தக் காற்றில் ஒருதடவை நின்றால் மறுபடி வேகம் பிடிப்பது எவ்வளவு பாடு. “நல்லாப் பாத்துச் சொல்லு, என்ன?” காது மடல் எரிந்தது. பத்து வயதில் வகுப்பில் தப்பான பதில் சொல்லி உட்கார்ந்த பெஞ்சின் சொரசொரப்பு தொடையில் வந்து உட்கார்ந்தது. இனிமேல் சொல்ல மாட்டேன். எனக்குத் தானாகக் கேட்டால் மட்டும் சொல்வேன். ஆனால் எனக்குத்தான் ஒன்றும் கேட்காதே. ஏன் பொய் சொன்னாள். பொய்யாக இருக்காது, லாரி வழியில் ஏதாவது ஊருக்குள் திரும்பியிருக்கும். அல்லது அவள் பார்க்கிற ரோட்டில் வருகிற வண்டி எல்லாம் எங்கள் ரோட்டுக்கு வந்து சேர வேண்டும் என்று இல்லையோ என்னவோ. கடல் இடது பக்கம் வெள்ளையாகக் கொதித்தது. வெயிலில் தார் தூரத்தில் தண்ணீராகி, லூர்தினா அந்தத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தாள், ஒருபோதும் நனையாமல். “வண்டி” என்றது குரல்.

கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் பார்ப்போம், இப்போதும் ஒன்றும் வராவிட்டால் நான் பைத்தியம் என்று இவர்களுக்குத் தெரிந்துவிடும், ஆபேல் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பான், கல்யாண வீட்டில், எங்கே பார்த்தாலும், வடிவுக்குக் கண்ணுக்குத் தெரியாத பஸ் வரும். “வண்டி.” இப்போது கொஞ்சம் சத்தமாக. சரி வரவில்லை என்பதால் மறுபடி சொல்கிறாள், சரி வந்து சேரும் வரை சொல்ல வேண்டும் அல்லவா, அவளுக்கும் இந்தப் பழக்கம் தெரிந்திருக்கிறது. செல்வி களைத்திருந்தாள். மஞ்சள் துப்பட்டா மெதுவாக வலது பக்கம் நகர்ந்தது, ரோட்டின் நடுவில் மணல் படியாத இடத்தைத் தேடிப் போகிறாள், அங்கே மிதிப்பது சுலபம். சொல்ல வேண்டும். இப்போது சொன்னால், வராவிட்டால். இப்போது சொல்லாவிட்டால், வந்தால். இரண்டும் தராசுத் தட்டுகள்போல ஒரே உயரத்தில் நின்றன, அவை நிற்கிற நேரம் முழுவதும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, என்ன ஒரு அசிங்கம், ஒரு பக்கம் ஒரு உயிர், மறுபக்கம் ஆபேலின் சிரிப்பு, இரண்டும் ஒரே எடை. பின்னால் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. “வண்” என்றாள். அவ்வளவுதான். மீதி வரவில்லை. லாரியின் காற்று என்னைத் தள்ளியது, ஹாரன் என் தலைக்குள்ளேயே அடித்தது, நீலத் தார்ப்பாய் ஒன்று சுவர்போல நீண்டுகொண்டே போனது, அது முடிந்தபோது செல்வி ரோட்டில் இல்லை.

மணலில் கிடந்தாள், சைக்கிள் அவள் மேல் கிடந்தது, முன்சக்கரம் இன்னும் சுற்றியது. “ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அழுதுகொண்டே சொன்னாள், லாரி இடிக்கவில்லை, பயத்தில் ஹேண்டிலை மணல் பக்கம் ஒடித்துவிட்டாள், முழங்கை மட்டும் தோல் வழுக்கியிருந்தது, சிவப்பு மணலில் இரத்தம் தெரியவே இல்லை. ஆபேல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முழங்கையில் ஊற்றினான். லூர்தினா என்னிடம் வந்தாள். “நீ பாக்கலையா? பாக்கலையாட்டி வடிவு? ஒனக்கு இருக்கிறது அந்த ஒத்த வேலதான. அவ செத்திருப்பா.” நான் வாயைத் திறந்தேன். எனக்குத் திரும்பத் தெரியாது என்று சொல்ல வேண்டும், காலையிலிருந்து வேறு ஒருத்தி சொன்னதைத்தான் சொன்னேன் என்று சொல்ல வேண்டும், இதில் எதைச் சொன்னாலும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. செல்வி எனக்கு முன்னால். குரல் கொடுத்தவள் எனக்குப் பின்னால். லாரி பின்னாலிருந்து வந்தது. முதலில் அடிபடுவது செல்வி என்று யார் சொன்னது, கடைசியில் வருகிறவள்தான் முதலில். அவள் இரண்டு தடவை சொன்னாள், சரி வரவில்லை, மூன்றாம் தடவை சொல்லும்போது. காலையிலிருந்து அவள் கொடுத்ததை எல்லாம் வாங்கி வாங்கி முன்னால் கொடுத்தேன், வந்த சரி ஒன்றைக்கூடப் பின்னால் கொடுக்கவில்லை. எல்லாச் சரியையும் நானே வைத்துக்கொண்டேன். கால் தரையில் இருந்தது. திரும்பினேன். ரோடு. ரோட்டின் மேல் ஓடும் மணல். உடைமரங்கள். ஒன்றும் இல்லை. ஓரத்து மணலில் ஏதாவது கிடக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்தேன், சைக்கிள், செருப்பு, ஏதாவது, காற்று மணலை வழித்து வழித்து மட்டமாக்கிக்கொண்டே இருந்தது, எங்கள் சக்கரத் தடமே அதற்குள் பாதி போய்விட்டது. “என்ன தேடுதா இவ?” என்று ஆபேல் கேட்பது காற்றில் தெளிவாக வந்தது. “விடு, அவளும் பயந்துட்டா” என்றாள் லூர்தினா.

“நான் கடைசில வாரேன், வடிவு நடுவுல போகட்டும்” என்றான் ஆபேல், நான் திரும்பி வந்ததும். நல்ல யோசனை, யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், நானே அதைத்தான் காலையிலிருந்து விரும்பினேன். “வேண்டாம்,” என்றேன். “நான்தான் கடைசி.” மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அது அவ்வளவு சத்தமாக வந்ததில் எனக்கே காது அடைத்தது. “எனக்கு ஓட்டிக்கிட்டே திரும்பிப் பாக்கத் தெரியாது. இனிமே திரும்பிப் பாப்பேன்.” இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். லூர்தினா எதுவோ கேட்க வாயெடுத்தாள், பிறகு செல்வியைப் பார்த்தாள், செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அவளே வரட்டும்” என்றாள், ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. கிளம்பினோம். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. டிக் டிக் இல்லை. காற்று மட்டும், மிளகாய் வற்றல் காயப்போட்ட பாயை யாரோ உதறுவதுபோல ஓயாமல். மெதுவாக மிதித்தேன், வரட்டும் என்று. இடைவெளி கூடிக்கொண்டே போனது. அவர்கள் பேசுவது மட்டும் பக்கத்திலேயே கேட்டது. “வடிவு வாராளா?” “வருவா. அவ எப்பவும் வந்துருவா.” “ஒரு சத்தமும் காணோம்.” “அவ எப்பட்டி சத்தம் போட்டா.” இதோ வருகிறேன் என்று சொன்னேன், அது அவர்களுக்குப் போகவில்லை, போகாது. எதிர்காற்றில் பின்னால் இருப்பவளுடைய எதுவும் முன்னால் போகாது. அப்படியென்றால் அவளுடையது மட்டும் எனக்கு எப்படி வந்தது. எவ்வளவு கத்தியிருப்பாள். அந்தச் சின்னக் குரல் சின்னக் குரலே இல்லை, தொண்டை கிழியக் கத்தியதில் மிஞ்சிய கடைசித் துண்டு.

தலையைத் திருப்பினேன். தோள் திரும்பியது, கை இழுத்தது, சக்கரம் மணலை நோக்கி ஓடியது, பிடித்தேன், மறுபடி திருப்பினேன், இடுப்பை இறுக்கி, ஒரு கையை விட்டேன். பார்த்தேன். வெயில் கொதிக்கிற ரோட்டின் முனையில் ஒரு கரும்புள்ளி, புள்ளிக்குக் கீழே தண்ணீர்போல மினுக்கம், புள்ளி வளர்ந்து சதுரமானது. வேகமாக மிதித்துச் செல்வியின் பின்னால் போய்ச் சேர்ந்தேன், மூச்சு முட்டியது, மிதிப்பதை நிறுத்தினேன், என் சக்கரம் டிக் டிக் டிக் என்றது. “வண்டி!” செல்வியின் கழுத்து விறைத்தது. திரும்பவில்லை. கேட்டிருக்கிறது, கேட்காததுபோல் இருக்கப் பார்க்கிறாள், அந்த விறைப்பு எனக்குத் தெரியும், அந்த விறைப்புக்குள் காலையிலிருந்து நான் உட்கார்ந்திருந்தேன். துப்பட்டா மறுபடி நடு ரோட்டில். “செல்வி, வண்டிட்டீ! வண்டி!” தொண்டையில் ஏதோ அறுந்தது. அவள் தோள் இறங்கியது. “வண்டி” என்றாள். ஆபேல் “வண்டி” என்றான். தூரத்தில் லூர்தினாவின் கை அசைந்தது. ஒவ்வொருவராக மணலோரம் ஒதுங்கினார்கள், சரி வந்தது, இன்னொரு சரி, செல்வியின் சரி. நான் இன்னும் தாரில் இருந்தேன், தலை பின்னால் திரும்பியபடி, ஹேண்டில்பார் நேராக. லாரிக்கும் எனக்கும் நடுவில் இருந்த அந்தக் காலி ரோட்டைப் பார்த்து, “சரி” என்று சொன்னேன். காற்று அதை அப்படியே தூக்கிப் பின்னால் கொண்டுபோனது. பிறகுதான் ஒதுங்கினேன். லாரி தூசியும் உப்புமாகக் கடந்து போனது. சத்தம் அடங்கியதும் செல்வி முன்னால் பார்த்தபடியே கேட்டாள், “யாருகிட்டட்டி சரின்னு சொன்ன?”

“பின்னால வாறவகிட்ட” என்றேன்.

செல்வி சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தாள்.